இடது காதுக்குக் கீழே மூன்று பொத்தான்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறைத்தாள் என்று பிறகு யாரும் பேச வேண்டாம். என் அக்காவின் கழுத்தில் சூடு வைத்தவள் நான்தான். எனக்கு அப்போது பதினாறு வயது, அவளுக்குப் பத்தொன்பது. யாராவது கேட்டால், "வேலை செய்யும்போது பட்டது" என்பாள். நாற்பத்திரண்டு வருடமாக அதையேதான் சொன்னாள். நான் அதைத் திருத்தப் போகவில்லை. எனக்கென்ன பைத்தியமா?

அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். தையல் தெருவில் மாஸ்டர் கடையில் வேலை பார்த்து அக்கா என்னைப் படிக்க வைத்தாள். ஒருநாள் கடையில் மிச்சமான பச்சைச் சாட்டின் துணியைக் கொண்டுவந்து, எனக்கு ஒரு கவுன் தைத்துத் தருவதாகச் சொன்னாள். பிறகு அளவெடுத்துப் பார்த்துவிட்டு, துணி எனக்குப் போதாது என்றாள். நான் பருமன். அவளுக்குத் தைத்தால் தாராளமாக வந்தது. கடை வாசலில் மாட்டுவதற்காக மாஸ்டர் ஒரு படம் எடுக்கப் போகிறார், அதற்கு அதைப் போட்டுக்கொண்டு போகிறேன் என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். கழுத்தை நன்றாக இறக்கி வெட்டியிருந்தாள். அவளுக்கு அழகான கழுத்து. அது அவளுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

கை ஓரத்து ஃப்ரில்லை இஸ்திரி போடச் சொல்லி என்னிடமே கொடுத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் போட்டுக்கொண்டிருக்கும்போது, "அங்க மடிப்பு விழுது பாரு" என்று என் முன்னால் குனிந்தாள். முடியை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தாள். கழுத்து என் கைக்கு எதிரே இருந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். காலரை அழுத்துகிற நேரம் அழுத்தினேன். அவள் கத்தினாள். கத்திக்கொண்டே என் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி, கவுன் கருகிவிடாமல் அதன் தட்டில் வைத்தாள். அந்த நேரத்திலும் துணிதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான்காம் நாள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். மாஸ்டர் என்ன ஏது என்று கேட்கவில்லை. துண்டை விலக்கிப் பார்த்தார், டேப்பை எடுத்தார், மதியத்துக்குள் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். காலர் தாடை வரைக்கும் எழும்பும். பொத்தான்கள் முன்னால் இல்லை, பின்னாலும் இல்லை. இடது காதுக்குக் கீழே பக்கவாட்டில் மூன்று. அங்கே திறந்தால் மருந்து போடலாம், காற்றுப் படும். மூடினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவ்வளவுதான் கதை. ஆனால் கடைக்கு வந்த நீதிபதி வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதே மாதிரி வேணும்" என்றாள். அடுத்த மாதம் அவள் சம்பந்தி, அதற்கடுத்த மாதம் டாக்டர் வீட்டுப் பெண்கள். ஒரே வருடத்தில் நகரத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் இடது காதுக்குக் கீழே மூன்று பொத்தான் போட்டுக்கொண்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் நடந்தார்கள். ஏழு வருடம் நீடித்தது அந்தக் கூத்து. வேர்வையில் கழுத்தெல்லாம் தடித்துப் போனாலும் கழற்றமாட்டார்கள். பிறகு இறக்கக் கழுத்து வந்தது, ஒரே பருவத்தில் எல்லோரும் மாறிவிட்டார்கள். அக்கா மட்டும் மாறவில்லை.

நான் ஜவுளிக்கடையில் முப்பது வருடம் நின்று துணி கிழித்தவள். வாய்தான் என் தொழில். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அக்காவின் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, நகரம் என்னென்ன உடுத்தியது என்று தெருத் தெருவாகக் காட்ட ஆரம்பித்தேன். காட்டுவதற்கு நிறைய இருந்தது. பார்க்கத்தான் யாருக்கும் கண் இல்லை. செல்போன் கடையில் நிமிர்ந்து பார்த்தால் உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருக்கும். அது தொப்பிக் கடையாக இருந்தபோது தொப்பிகள் தொங்கிய கொக்கிகள். பழைய நாடக அரங்கின் வாசலில் ஒவ்வொரு படியும் இரண்டாகப் பிளந்து அரைப்படிகளாக இருக்கும். முழங்காலை ஒட்டித் தைத்த குறுகல் பாவாடை வந்த வருடம், பெண்கள் படியேற முடியாமல் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்களாம். முதலாளி கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார். சாயக்காரர் சந்தில் சாக்கடைக் கல் இன்றைக்கும் நீலமாக இருக்கும். ஒரு துக்க வருடத்தில் எல்லோரும் கருநீலமே உடுத்தியதன் கறை அது. இதையெல்லாம் காட்டிக்கொண்டே போய், கடைசியில் மாஸ்டர் கடை வாசலில் நிறுத்தி, உயர்காலரைப் பற்றிச் சொல்லுவேன். மாஸ்டர் செத்துப் பதினொரு வருடம் ஆகிறது. கடையை அவர் மகன் நடத்துகிறான். சின்ன வயதில் பொத்தான் டப்பாவுக்குள்ளேயே விளையாடி வளர்ந்ததால் தெருவில் அவனுக்குப் பட்டன் என்றுதான் பெயர். ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைதான் அவனுக்குப் பெரிய வேலை. மீதி நேரம் ஜிப் மாற்றிக் கொடுப்பான்.

"மாஸ்டர் பெரிய கலைஞர், நகரத்தின் கழுத்தையே உயர்த்தியவர்" என்று நான் உப்புச்சப்பில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டம் கொட்டாவி விட்டது. பட்டன் மட்டும் வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சிரிப்பான், எல்லோருக்கும் தண்ணீர் கொடுப்பான்.

ஒருநாள் ஒரு கல்லூரி ஆசிரியை வந்திருந்தாள். பக்கத்து ஃபோட்டோ ஸ்டூடியோவின் கண்ணாடிக்குள் இருந்த பழைய படங்களை உற்றுப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். "ஏன் எல்லாருக்கும் இடது பக்கம்? சோத்துக் கையால இடது காதுக்குக் கீழ பொத்தான் போடறது எவ்வளவு கஷ்டம்! ஒரு காரணம் இருக்கணுமே?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. உண்மையைச் சொல்லலாம்தான். என் வாயில் வந்தது வேறு. "இருக்கு" என்றேன். "அந்தக் காலர் அழகுக்காகத் தைச்சதில்ல. வேலைக்கு இருந்த ஒரு பொண்ணு கழுத்துல இந்த மாஸ்டர் கோபத்துல இஸ்திரிப் பெட்டியை வச்சுட்டார். அந்தத் தழும்பை மறைக்கத் தைச்ச சட்டை. அதைத்தான் இந்த ஊரே வாங்கிப் போட்டுக்கிட்டது."

கொட்டாவி விட்ட வாயெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. ஒருத்தி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆசிரியையின் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடம் துணி விரித்துக் காட்டி ஒருத்தரையும் நான் அழவைத்ததில்லை. எனக்கு அது பிடித்துப் போயிற்று. ரொம்பவே பிடித்துப் போயிற்று.

அடுத்த வாரம் பன்னிரண்டு பேர் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் முப்பது. நான் மெருகேற்றிக்கொண்டே போனேன். அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள் என்றேன், மாஸ்டர் கதவைச் சாத்தினார் என்றேன். பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதினார்கள். பட்டன் இப்போது வாசலில் நிற்பதில்லை. நாங்கள் போகிற நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தான். இறக்கிய ஷட்டரைக் காட்டியே நான் இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்துக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம் பட்டன் வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவன் எங்களைச் சின்ன வயதிலிருந்தே அத்தை, சின்னத்தை என்றுதான் கூப்பிடுவான்.

"சின்னத்தை, ஸ்கூல்ல யூனிஃபார்மை நிறுத்திட்டாங்க. பொம்பளப் பிள்ளைங்க அளவெடுக்க எங்க கடைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எம் பொண்டாட்டி வெளிய தலைகாட்ட மாட்டேங்குறா. எங்கப்பா அப்படிச் செஞ்சாரா? செஞ்சிருந்தா சொல்லுங்க, நானே போர்டை எறக்கிடறேன். செய்யலைன்னா அதையும் சொல்லுங்க."

"வரலாறுன்னா கசக்கத்தான் செய்யும்" என்றேன் நான்.

மிஷின் நின்றது. அக்கா உள்ளே இருந்து எழுந்து வந்தாள். அவள் பத்திரிகை படிப்பதில்லை. வீட்டைத் தாண்டிப் போவதும் இல்லை. "என்ன வரலாறு?" என்றாள். பட்டன் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அவள் கை மெதுவாக எழும்பி, காலரின் பொத்தான்கள்மேல் போய் நின்றது.

அவன் போன பிறகு என்னிடம் வந்தாள். "மாஸ்டர் எனக்குச் சோறு போட்டவர்டீ. உனக்கும்தான். வர்ற ஞாயித்துக்கிழமை அந்தக் கடை வாசல்ல நின்னு, நான் சொன்னது பொய்னு சொல்லு. யார் செஞ்சான்னு நீ சொல்ல வேண்டாம். அவர் செய்யலைன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? அப்ப யாருன்னு கேப்பாங்க."

"தெரியாதுன்னு சொல்லு."

"எனக்கு முடியாது. அவர் செத்தாச்சு, அவருக்கு இனிமே என்ன வலிக்கப் போகுது?"

"அவன் சாகலையே" என்றாள். "நீ சொல்லலைன்னா நான் வந்து சொல்றேன்."

நான் சிரித்தேன். எனக்கு அவளை நன்றாகத் தெரியும். அவள் ஆயிரம் பேருக்குச் சட்டை தைத்திருக்கிறாள், ஒரு கூட்டத்தில் நின்று நான்கு வார்த்தை பேசியதில்லை. கல்யாணம் வேண்டாம் என்றதும் இந்தக் கழுத்தால்தான். குளித்துவிட்டு வரும்போதுகூடத் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவாள். கழுத்து திறந்திருந்தால் அவளுக்கு வாயே திறக்காது. மருந்து போட்ட அந்த நாட்களில் நான் பார்த்தது அது. காலர் கழன்றதும் ஊமை மாதிரி ஆகிவிடுவாள். அதை நான் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேருக்குக் குறையாது. கொக்கிகள், அரைப்படிகள், நீலக்கல் எல்லாவற்றையும் அவசரமாகக் காட்டிவிட்டு மாஸ்டர் கடைக்கு வந்தேன். எல்லோரும் அதற்காகத்தான் வந்திருந்தார்கள். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. பட்டன் கழுத்தில் டேப்போடு வாசலில் நின்றான். பக்கத்துக் கடைகளின் தையல்காரர்களும் காஜாக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றிருந்தார்கள்.

"கதையைச் சொல்லுங்க சின்னத்தை" என்றான். "நானும் கேக்குறேன். அந்தப் பொண்ணு யாருன்னு இன்னைக்காவது சொல்லுங்க. அப்படி ஒரு பொண்ணு இருந்தாளா இல்லையா?"

கூட்டம் என்னைப் பார்த்தது. அப்போதுதான் பின்னால் இருந்து அக்கா வந்தாள். சாம்பல் நிறச் சட்டை, மூன்று பொத்தானும் பூட்டியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "நான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றாள். குரல் நடுங்கியது, ஆனாலும் வந்தது. இன்னும் ஒரு வாக்கியம் அவளைப் பேசவிட்டிருந்தால் என் கதை முடிந்திருக்கும்.

நான் முந்திக்கொண்டேன். "இதோ! இவங்கதான் அந்தப் பொண்ணு. என் கூடப் பிறந்த அக்கா" என்று சொல்லி அவளை அணைத்துக்கொண்டேன். அணைத்த கையாலேயே மூன்று பொத்தானையும் கழற்றினேன். மேலிருந்து கீழே, ஒன்று, இரண்டு, மூன்று. காலரை மடித்துக் கீழே இறக்கி, அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். "பாருங்க" என்றேன்.

ஐயோ என்று ஒரு சத்தம் எழும்பியது. பிறகு போன்கள் எழும்பின. அக்கா உதட்டை அசைத்தாள், ஒன்றும் வெளியே வரவில்லை. கையைத் தூக்கி மறைக்கப் பார்த்தாள். ஆறுதல் சொல்லுகிற மாதிரி அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். இறுக்கமாகத்தான் பிடித்தேன். அறுபத்தொரு வயதுக்காரி, நடுத்தெருவில், அத்தனை பேர் முன்னால் கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு நெஞ்சு அடைக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

நான் செய்த தப்பு எனக்கு அப்போது தெரியவில்லை. அந்தத் தழும்பை உலகத்தில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம். தையல் தெருவில் காட்டியிருக்கக் கூடாது.

பட்டன் கிட்டே வந்து பார்த்தான். அவன் முகத்தில் முதலில் அழுகைதான் இருந்தது. பிறகு மெல்ல வேறு ஒன்று வந்தது. குறுக்கே போன தையலைப் பார்க்கும்போது வருகிற முகம் அது. தலையைச் சாய்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். கழுத்திலிருந்த டேப்பை எடுத்தான்.

"அத்தை, தொடட்டுமா?"

அக்கா தலையசைத்தாள். அவன் டேப்பைத் தழும்பின்மேல் படாமல் பிடித்து, கடைக்குள் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான். வாடிக்கையாளரை அளக்கும்போது சொல்லிச் சொல்லிப் பழக்கம். "அகலம் ஒண்ணே முக்கால். நீளம் ரெண்டரை. நுனி கூர்." உள்ளே அவன் மனைவி பென்சிலை எடுத்து நோட்டில் எழுதியேவிட்டாள்.

அவன் உள்ளே போய், கரி போட்டுச் சூடாக்குகிற ஒரு பெரிய இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். கவிழ்த்து அடிப்பாகத்தைக் காட்டினான். "எங்கப்பா கடையில அன்னைக்கு இருந்தது இது ஒண்ணுதான். அகலம் அஞ்சு இன்ச். நுனியைப் பாருங்க, கட்டைவிரல் மாதிரி மழுங்கல்."

"நாற்பது வருஷத்துல தழும்பு சுருங்காதா?" என்றேன்.

"சுருங்கும் சின்னத்தை. இல்லாத கூர் எங்கிருந்து முளைக்கும்?"

பக்கத்துக் கடைக் கிழட்டுத் தையல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அது ஃப்ரில் பெட்டி" என்றார் சாதாரணமாக. "ஃப்ரில்லுக்குன்னே சின்னதா, கூர் மூக்கோட இருக்கும். அடுப்புல வச்சுச் சூடு பண்றது. பொம்பளைங்க வீட்டுல வச்சிருப்பாங்க. மாஸ்டர் அதைக் கடைக்குள்ளயே விடமாட்டார், சாட்டின்ல பளபளன்னு கோடு விழும்னு திட்டுவார்." காஜாக்காரர்கள் இரண்டு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். முப்பது வருடம் துணி விற்றவள் நான். இஸ்திரிப் பெட்டிகளுக்கு வெவ்வேறு மூக்கு உண்டு என்று ஒருநாளும் கவனித்ததில்லை. சூடென்றால் சூடுதான் என்று இருந்துவிட்டேன்.

நான் பிடித்திருந்த கையை அக்கா உருவிக்கொண்டாள். காலரைப் பூட்டப் போகிறாள் என்று நினைத்தேன். பூட்டவில்லை. கையைத் தொங்கவிட்டு அப்படியே நின்றாள். சூடு பட்ட பிறகு, கழுத்து திறந்திருக்க அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எங்க வீட்டுல ஒரு ஃப்ரில் பெட்டி இருந்துச்சு" என்றாள். "அப்ப வீட்டுல ரெண்டே பேருதான். நானும் என் தங்கச்சியும்."

நாற்பது முகமும் என் பக்கம் திரும்பியது. போன்களும் திரும்பின.

"கைதவறிப் பட்டது" என்றேன். "எனக்குப் பதினாறு வயசு. சின்னப் பிள்ளை. கைதவறிடுச்சு."

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீ பெட்டியை எடுத்துடுவேன்னு பாத்துக்கிட்டே நான் எண்ணுனேன்டீ" என்றாள். "நாலு வரைக்கும் எண்ணுனேன். அஞ்சாவதுக்கு நீ எடுக்கலை, நான்தான் புடுங்குனேன்."

அன்றைக்கும் வந்திருந்த கல்லூரி ஆசிரியை என்னைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். யாரும் திட்டவில்லை. பட்டன் கரிப்பெட்டியைக் கடை வாசலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தான். உள்ளே இருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து அக்காவை உட்காரவைத்தான். நான் தனியாக வீட்டுக்கு நடந்தேன்.

சீருடை வேலை அவனுக்குத் திரும்பி வந்தது. ஞாயிறு நடையும் நிற்கவில்லை. இப்போது அவன்தான் அழைத்துப் போகிறான், கூட அக்கா போகிறாள். வீட்டில் அவள் என்னிடம் ஒரு சொல் கடுமையாகப் பேசியதில்லை. வேளைக்குச் சாப்பாடு போடுகிறாள், தலைவலி என்றால் மாத்திரை தருகிறாள். உயர்காலர் சட்டைகளை எல்லாம் பிரித்து, கழுத்தை இறக்கித் தைத்துவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்காருகிறாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடப் பழகிவிட்டேன்.

நடை இப்போது மாஸ்டர் கடையோடு முடிவதில்லை. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். உயர்காலர் பிறந்த இடம் இதுதானாம். ஜன்னலுக்குக் கீழே நின்று அக்கா சொல்லுவதை ஒவ்வொரு வாரமும் மாடியிலிருந்து கேட்கிறேன். என்னைவிட நன்றாகச் சொல்லுகிறாள். தண்ணீர் கேட்டதும் இல்லை, கதவு சாத்தியதும் இல்லை. பச்சைச் சாட்டின், ஃப்ரில் பெட்டி, நாலு வரைக்கும் எண்ணியது. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறாள்.

போன வாரம் யாரோ கேட்டார்கள். "அந்தத் தங்கச்சி இப்ப எங்க இருக்காங்க?"

"மேலதான் இருக்கா" என்றாள் அக்கா. "பாக்கணுமா? கூப்பிட்டா வருவா. அவளுக்குக் கூட்டம்னா ரொம்பப் புடிக்கும்." நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டாள். சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல்.

போகாமல் இருந்திருக்கலாம். ஜன்னலைச் சாத்தியிருக்கலாம். ஆனால் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பியவள் நான். படியிறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்தார்கள், பிறகு அவள் கழுத்தைப் பார்த்தார்கள். முன்னால் நின்ற ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில், மரியாதையாகத்தான் கேட்டாள்.

"எந்தக் கைங்க?"

அக்கா எனக்காகக் காத்திருந்தாள். நான் வலது கையை நீட்டினேன்.